ரத்தம் கூட்டும் ஊசியும் ஓட்டப் பந்தயமும்

கேள்வி: என் மகனுக்கு 19 வயது. 5,000 மீட்டர் ஓட்டத்திற்காக மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் பயிற்சி பெறுகிறான். டயாலிசிஸ் நோயாளிகளுக்குப் போடும் ரத்தம் ஊறும் ஊசியைப் போட்டுக்கொண்டால் இரைப்பின்றி ஓடலாம் என்று உடன் ஓடும் ஒருவர் கூறியுள்ளார். நோயாளியே தாங்கும் மருந்து நல்ல உடம்பை என்ன செய்துவிடும் என்று மகன் கேட்கிறான். போடலாமா, டாக்டர்?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், உசிலம்பட்டி

பதில்: கூடவே கூடாது. அந்த ஊசியில் இருப்பது எரித்ரோபொய்ட்டின் என்னும் ஹார்மோன். ரத்தத்தில் ஆக்சிஜன் குறைவதை உணர்ந்து சிறுநீரகம் இதைச் சுரக்க, எலும்பு மஜ்ஜை சிவப்பணுக்களை உருவாக்குகிறது. சிறுநீரகம் செயலிழந்தவருக்கு இந்தச் சுரப்பு போதாது என்பதால் ஊசி தேவைப்படுகிறது. உங்கள் மகனுக்கோ தேவையான அளவு தானாகவே சுரக்கிறது.

நோயாளிகள் இதை எளிதாகத் தாங்குகிறார்கள் என்பதும் சரியல்ல. சிறுநீரக நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2006இல் வெளியான ஆய்வொன்றில், ஹீமோகுளோபினை 11.3 என்ற அளவில் நிறுத்த முயன்றவர்களைவிட 13.5 வரை உயர்த்த முயன்றவர்களிடையே மரணம், மாரடைப்பு, இதயச் செயலிழப்பு, பக்கவாதம் ஆகியவற்றின் மொத்த எண்ணிக்கை அதிகமாக இருந்தது. அதனால்தான் நாங்கள் அடிக்கடி ரத்தப் பரிசோதனை செய்து, ரத்த அழுத்தத்தையும் கவனித்து, அளவைக் கூட்டியும் குறைத்தும் கொடுக்கிறோம். மைதானத்தில் ஊசி போடுபவர் இவற்றில் எதைச் செய்வார்?

சிவப்பணுக்கள் மிகுந்தால் ரத்தம் கெட்டிப்படும். மதுரை வெயிலில் நெடுந்தூரம் ஓடி, வியர்வையில் நீரையும் இழப்பவருக்கு அது மேலும் கெட்டியாகி, கால் ரத்தக்குழாயிலோ நுரையீரலிலோ மூளையிலோ உறைந்து அடைத்துக்கொள்ளும் அபாயம் உண்டு. ஊசியை நிறுத்தியதும் ஆபத்து நீங்கிவிடாது. சிவப்பணு ஒன்றின் ஆயுள் ஏறத்தாழ 120 நாட்கள். அரிதாக, உடல் இந்த மருந்துக்கு எதிராக உருவாக்கும் எதிர்ப்பொருள், உடலில் இயல்பாகச் சுரக்கும் ஹார்மோனையும் முடக்கிவிட, சிவப்பணு உற்பத்தியே நின்றுபோவதுண்டு. 2 முதல் 8 டிகிரிக் குளிரில் காக்க வேண்டிய மருந்து கைமாறி வரும்போது எந்த நிலையில் இருக்கும் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

சர்வதேச ஒலிம்பிக் குழு 1990இலேயே இதைத் தடை செய்தது. 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கிலிருந்து பரிசோதனையும் உண்டு. பிடிபட்டால் நான்கு ஆண்டுகள் வரை போட்டியிட முடியாது. 19 வயதில் அது எத்தனை பெரிய இழப்பு!

மகனுக்கு உண்மையிலேயே இரைப்பு இருந்தால், ஹீமோகுளோபினையும் இரும்புச்சத்தின் அளவையும் பரிசோதித்துப் பாருங்கள். குறைபாடு இருந்தால் முறையான சிகிச்சையிலேயே சரியாகும். ஏற்கெனவே ஊசி போட்டிருப்பானோ என்ற ஐயம் இருந்தால் கடிந்துகொள்ளாமல் கேட்டறிந்து, மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். கடும் தலைவலி, நெஞ்சுவலி, திடீர் மூச்சுத்திணறல், ஒரு காலில் மட்டும் வீக்கம், கை கால் மரத்துப்போதல் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும், விடியட்டும் என்று காத்திராமல் 108 ஆம்புலன்ஸை அழைத்து, அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டு செல்லுங்கள்.