விழுந்த மரத்தில் எதை எரிக்கலாம், எதைப் பலகைக்கு வைக்கலாம்?

மழையில் சாய்ந்த மரங்களை என்ன செய்வது, எது விறகு, எது மரவேலைக்கு ஆகும் என்று கேட்டிருக்கிறீர்கள். அநேகமாக இந்நேரம் உங்கள் வாசலில் விறகு வியாபாரி ஒருவர் நின்று "மொத்தமா ஒரு ரேட் பேசிக்கலாம்" என்று சொல்லிக்கொண்டிருப்பார். அவருக்கு இன்றைக்கே தலையாட்டிவிடாதீர்கள். நான் ஆட்டினேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எங்களுக்கு வேலூர் மாவட்டம் பள்ளிகொண்டா பக்கம் நிலம். 2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியதே, அந்த மழையில் கிணற்று மேட்டுப் பூவரசும், களத்தோரத்து வேம்பும், ஒரு மாமரமும் விழுந்தன. பூவரசு எங்கள் ஆயா, அதாவது பாட்டி, நட்டது. கிளை மாட்டுக்கொட்டகை மேல் கிடந்தது, கொட்டகை ஒழுகிக்கொண்டிருந்தது, இடம் காலியானால் போதும் என்றிருந்தது எனக்கு. வேம்பு வாசக்காலுக்கு ஆகும் என்று ஊருக்கே தெரியும், அதை நிறுத்திக்கொண்டேன். மற்ற இரண்டையும் டன் கணக்கில் பேசிக் கொடுத்துவிட்டேன்.

லோடு ஏற்றும்போது பூவரசின் அடிமரம் கனம் தாங்காமல் அங்கேயே துண்டு போட்டார்கள். வெளியே இரண்டு விரற்கடை வெளுப்பு. உள்ளே முழுக்கக் கருஞ்சிவப்பு, நடுநடுவே கத்தரிப்பூ நிறத்தில் ரேகை. ஈரத்தில் பளபளத்தது. அந்த வழியாகப் போன ஆசாரி ஒருவர், எழுபது வயதிருக்கும், சைக்கிளை நிறுத்திவிட்டு வந்து கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பார்த்தார். வெளுப்பில் பதிந்த நகம் வைரத்தில், அதாவது உள்ளேயிருந்த அந்தக் கருஞ்சிவப்பு மரத்தில், பதியவில்லை.

"இன்னா நைனா, வண்டிச் சக்கரம் செய்யற மரத்தப் போயி சூளைக்கு அனுப்புறியே?"

கைநீட்டிப் பணம் வாங்கியாயிற்று. பேசிப் பேசி ஒரே ஒரு மூன்றடித் துண்டை இறக்கிக்கொண்டேன். மீதி எல்லாம் செங்கல் சூளைக்குப் போனது. ஆயா இருந்திருந்தால் அந்த லாரியைத் தெருமுனை தாண்ட விட்டிருக்க மாட்டாள்.

அன்று அந்த ஆசாரி சொல்லிக்கொடுத்ததுதான் உங்களுக்கும். முதலில் மரத்தின் பெயரைப் பார்க்காமல் வெட்டுவாயைப் பாருங்கள். வைரம் எவ்வளவு பாய்ந்திருக்கிறது, நடுவில் பொந்து உண்டா, நார் நேராக ஓடுகிறதா, முறுக்கிக்கொண்டதா? வைரம் கையகலம்கூட இல்லையென்றால் அது எந்த மரமானாலும் அடுப்புக்குத்தான். வெளுப்பை நம்பிப் பலகை போட்டால் வண்டு துளைத்து மாவு கொட்டும். வைக்கலாம் என்று முடிவெடுத்தால் அன்றைக்கே இரண்டு முனையிலும் பழைய பெயிண்ட்டைக் கனமாகப் பூசுங்கள். ஈரம் முனை வழியாகத்தான் வேகமாக ஓடும், அங்கிருந்துதான் வெடிப்பு கிளம்பும். பிறகு மில்லில் அறுத்து, பலகைக்குப் பலகை நடுவே ஒரே கனத்தில் ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) வைத்து, நிழலில், தரையில் படாமல் அடுக்குங்கள். ஒரு அங்குலக் கனம் காய ஏறக்குறைய ஒரு வருடம். நம் ஊர் வெயிலில் சீக்கிரம் காயட்டும் என்று வெளியே போட்டால் பலகை அப்பளம் மாதிரி வளையும்.

புளி கிடைத்தால் எல்லாவற்றையும் எரிக்காதீர்கள். கறிக்கடைக் கட்டை, உலக்கை எல்லாம் அதுதான். கோணல் கிளைகளை எரியுங்கள், தணல் நின்று எரியும். வாகை செக்குக்குப் போகும், பலகைக்கும் நல்லது. மா சென்ட்ரிங் பலகைக்கும் பெட்டிக்கும் ஆகும், ஆனால் போட்டு வைத்தால் சீக்கிரம் உளுத்துவிடும். புங்கன் அடுப்புக்கு. முருங்கை எதற்கும் இல்லை. வேலிகாத்தானை, அதாவது சீமைக்கருவேலத்தை, யோசிக்காமல் விறகாக்குங்கள். சந்தனம் இருந்தால், பட்டா நிலமே ஆனாலும், வனத்துறையைக் கேட்காமல் கத்தி வைக்காதீர்கள்.

'விறகு எரிக்கலாமா, புகை, சுற்றுச்சூழல்' என்று யாராவது வருவீர்கள். எங்கள் வீட்டில் வெந்நீர் இன்றைக்கும் விறகடுப்பில்தான். விழுந்த மரத்தை எரிக்கிறோம், நிற்கிற மரத்தில் கை வைப்பதில்லை. நான் ஆசாரியும் இல்லை, நெல்லும் கரும்பும் வைக்கிறவன். தொழில் தெரிந்தவர்கள் திருத்தினால் ஏற்றுக்கொள்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த ஒரு வருடம்தான் மழையில் மரம் விழுந்தது. அதற்கு முன் எத்தனையோ வருடம் எங்கள் பக்கம் மரம் நின்றபடியே காய்ந்தது. ஆற்று மணலை ஆள் உயரத்துக்கு அள்ளினார்கள், கிணறு இறங்கிக்கொண்டே போனது, அப்பா வைத்த தென்னை நாற்பதில் பதினொன்றுதான் மிச்சம். மரம் நடு, மரம் நடு என்று மேடை போட்டுச் சொல்கிறவர்கள் ஒருவராவது அந்த மணலைப் பற்றி வாய் திறந்து நான் கேட்டதில்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் மரம் என்றாலே எனக்கு இது வந்துவிடுகிறது.

அந்த மூன்றடித் துண்டு கொட்டகைப் பரணில் ஒன்றரை வருடம் காய்ந்தது. அதே ஆசாரி அதில் அம்மாவுக்கு அருவாமனைப் பலகையும், உட்கார ஒரு மணையும் செய்து கொடுத்தார். எண்ணெய் தடவினால் அன்று லாரியடியில் பார்த்த அதே நிறம் எழும்புகிறது. கூலி பேசினபோது, "மிச்சத் துண்ட எனக்குக் கொடு, போதும்" என்று வாங்கிக்கொண்டு போனார்.