மார்கழி வாக்கிங்: ஸ்வெட்டருக்கு முன்னால் ஷூ

கேள்வி: அப்பாவுக்கு 74 வயது, சர்க்கரை உண்டு. தினமும் கோட்டைப் பக்கம் நடக்கிறவர், மார்கழி பிறந்தால் வீட்டோடு முடங்கிவிடுகிறார். தெர்மல் உடையும் கனமான ஜாக்கெட்டும் ஆன்லைனில் வாங்கி அனுப்பலாமா? ஐயாயிரம் ரூபாய் வரை செலவழிக்கலாம் என்றிருக்கிறேன்.
– பெங்களூரிலிருந்து ஒரு வேலூர்க்காரர்

பதில்: ஜாக்கெட் வேண்டாம். உங்கள் பெங்களூர்க் குளிரை வைத்து வேலூருக்குக் கணக்குப் போடாதீர்கள். இங்கே விடியற்காலையில்தான் குளிர். வெயில் ஏறினால் ஓடிவிடும். கனமான ஜாக்கெட்டோடு நாலு சுற்று நடந்தால் உள்ளே வியர்த்துக் கொட்டும், அந்த ஈரத்தில் காற்றுப் பட்டால்தான் உண்மையில் குளிரும். பருத்தி பனியன், முழுக்கைச் சட்டை, மேலே முன்பக்கம் திறக்கிற ஸ்வெட்டர் போதும். தலை வழியாக மாட்டுவதை வாங்காதீர்கள். சர்க்கரைக்காரர்களில் பலருக்குத் தோள்பட்டை இறுகியிருக்கும். கையைத் தூக்கிப் போடுவதற்குள் நடக்கிற ஆசையே போய்விடும்.

கம்பளி என்று சொல்லி விற்பதில் பலவும் அக்ரிலிக். நம் குளிருக்கு அது தாராளம், துவைக்கவும் சுலபம். ஆனால் கம்பளி விலை கொடுக்காதீர்கள். தையலோரத்தில் ஒரு இழையை உருவிக் கொளுத்திப் பாருங்கள்: கம்பளி என்றால் முடி கருகும் நாற்றம் வந்து சாம்பலாக உதிரும், அக்ரிலிக் உருகிக் கெட்டியான மணியாகத் திரளும். மங்கி குல்லாவும் எனக்குப் பிடிக்காது. ஹாரன் சரியாகக் கேட்காது, பக்கவாட்டுப் பார்வையும் மறையும். மூடுபனியில் ரோட்டைக் கடக்கிற பெரியவருக்கு இரண்டுமே ஆபத்து. காதை மட்டும் மூடும் பட்டையோ மெல்லிய மப்ளரோ போதும், வெளிர் நிறத்தில்.

காசில்லாத யோசனை ஒன்று: ஐந்தரை மணி நடையை ஏழு மணிக்கு மாற்றச் சொல்லுங்கள். குளிரில் ரத்தக் குழாய்கள் சுருங்கி பி.பி. ஏறும், வயதானவர்களுக்கு அது நல்லதல்ல. சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவர் வெறும் வயிற்றில் நடக்கலாமா என்பதை அவருடைய டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மிச்சப் பணமெல்லாம் காலுக்கு. 1946-ல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் பாதப் புண்ணுக்குப் பெரும்பாலும் காரணம், உணர்ச்சி போன காலில் வலி தெரியாமல் நடப்பதுதான் என்று காட்டியவர். சர்க்கரையில் மரத்துப்போன காலுக்கும் இதே கதைதான். அப்படிப்பட்ட கால்களுக்கான எம்.சி.ஆர். என்ற மெத்தென்ற ரப்பரைக் கட்டைவிரலால் அழுத்தினால் அமுங்கி, விட்டதும் எழும்ப வேண்டும். அப்பாவின் பாதம் மரத்திருந்தால் ஆன்லைன் பக்கமே போகாதீர்கள். பாத அளவெடுத்துச் செய்து தருகிற இடத்துக்கு நேரில் கூட்டிப்போங்கள்.

உணர்ச்சி நன்றாக இருந்தால் கடை ஷூவே போதும். சாயங்காலம் போங்கள், பகலெல்லாம் நடந்த கால் அப்போது கொஞ்சம் வீங்கியிருக்கும். போடப்போகிற சாக்ஸையே போட்டு, இரண்டு ஷூவையும் மாட்டி, கடைக்குள் நடக்கச் சொல்லுங்கள். நீளமான விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். சாக்ஸ் வெள்ளையாக, எலாஸ்டிக் இறுக்காததாக இருக்கட்டும்; புண்ணிலிருந்து ஒரு துளி கசிந்தாலும் வெள்ளையில் தெரியும். பனி ஈரத்தில் கல் தரை வழுக்கும், அதனால் சோலில் ஆழமான வரி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கேள்வி: சென்னையில் ஒரு கடையில் அம்மாவுக்கு வாக்கிங் ஷூ வாங்கினேன். மூன்றே வாரத்தில் சோல் துண்டு துண்டாக உதிர்கிறது. பில்லில் ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று அச்சடித்திருப்பதைக் காட்டுகிறார்கள்.
– வாசகி, சத்துவாச்சாரி

பதில்: அந்த வரியைப் பார்த்து மிரளாதீர்கள். 2019-ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது நேர்மையற்ற வணிக நடைமுறை. உங்களுக்கு மூன்று வாரம்தான் ஆகிறது, எனவே இன்றைக்கே எழுத்தில் கேளுங்கள். உதிர்ந்த சோலைத் தூக்கிப் போடாமல் போட்டோ எடுத்து வையுங்கள்.

சோல் உதிர்வதற்கு ஒரு காரணம் ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் ஷூ தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். பி.யூ. (பாலியூரிதேன்) என்ற பிளாஸ்டிக்கில் செய்த சோல் காற்றின் ஈரத்தை உறிஞ்சி, பெட்டிக்குள் சும்மா கிடந்தாலே சில வருடங்களில் பொடிப்பொடியாகும். பெட்டி மேல் எம்.ஆர்.பி.க்குப் பக்கத்தில் தயாரித்த மாதமும் வருடமும் இருக்கும், எடுத்துப் பாருங்கள். பழைய சரக்கு என்றால் உங்கள் பக்கம் இன்னும் பலம். தள்ளுபடியில் ஷூ எடுக்கிற எல்லோரும் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

கடை மசியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் செய்து புகார் பதியுங்கள். அதற்கும் நகராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கடை சென்னையில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கிற வேலூரிலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. வழக்குப் போடக் கெடு இரண்டு வருடம்.

கேள்வி: பாட்டிக்குக் கைத்தடி என்ன உயரத்தில் வாங்குவது? இலவசமாகக் கிடைக்குமா?
– வாசகர், குடியாத்தம்

பதில்: ஷூ போட்டு நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால், தடியின் பிடி மணிக்கட்டு ரேகைக்கு வர வேண்டும். வலிக்கிற காலுக்கு எதிர்க்கையில் பிடிக்கச் சொல்லுங்கள். அடியிலுள்ள ரப்பர் பூண் தேய்ந்து வழவழப்பானால் உடனே மாற்றுங்கள், விலை கொஞ்சம்தான். வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ள 60 வயது தாண்டியவர்களுக்கு, மத்திய அரசின் ராஷ்ட்ரிய வயோஸ்ரீ திட்டத்தில் கைத்தடி, வாக்கர் எல்லாம் முகாம் வைத்து இலவசமாகத் தருகிறார்கள். விவரத்துக்கு முதியோர் உதவி எண் 14567-ஐ அழையுங்கள்.