மேல்மாடி வெக்கை, மலைக் குளிர்: கரண்ட் பில் எகிறாமல் சமாளிக்க

கேள்வி: மதுரை வில்லாபுரத்தில் சொந்த வீடு, மேல்மாடியில் இருக்கிறோம். ராத்திரி பதினொரு மணிக்கும் ஃபேன் அனலைத்தான் இறக்குகிறது. படுக்கையறை 10-க்கு 12 அடி. 1 டன் ஏசி போதுமா, 1.5 டன் வாங்கணுமா?

பதில்: ஏசிக்கு முன்னால் மொட்டை மாடிக்குச் செலவு பண்ணுங்கள். ஐந்து அங்குல கான்கிரீட் தளம் பகல் முழுக்கச் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு, பொழுது சாய்ந்த பிறகும் மணிக்கணக்காகக் கீழே விடும். அதன் அடியில் எந்த ஏசியை மாட்டினாலும் அறையோடு சேர்த்துத் தளத்தையும் குளிர வைக்க வேண்டியிருக்கும்; கம்ப்ரசருக்கு ஓய்வே கிடைக்காது.

வெள்ளை கூல் ரூஃப் பெயின்ட் அடியுங்கள். வாளியில் எஸ்.ஆர்.ஐ. என்று ஒரு எண் போட்டிருக்கும்; வெயில் சூட்டை எவ்வளவு நன்றாகத் திருப்பி அனுப்பும் என்பதற்கான அளவு அது. 100-ஐ ஒட்டியோ அதற்கு மேலோ இருப்பதாகப் பார்த்து எடுங்கள். அந்த எண்ணே இல்லாத வாளி என்றால், கடைக்காரர் என்ன சொன்னாலும் அது வெறும் வெள்ளைப் பெயின்ட்தான். இரண்டு கோட்டுக்கு ஒரு லிட்டர் 20 முதல் 30 சதுர அடி வரை வரும். 600 சதுர அடி மாடிக்கு 20 முதல் 30 லிட்டர். தளம் சொரசொரப்பாக இருந்தால் கூடுதலாகவே இழுக்கும்.

பெயின்ட் உரிவதற்கு முக்கால்வாசிக் காரணம் அடியில் செய்யாமல் விட்ட வேலைதான். பாசியைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, ப்ளீச்சிங் பவுடர் தண்ணீர் விட்டுக் கழுவி, இரண்டு நாள் நல்ல வெயிலில் காய விடுங்கள். விரிசலைக் கீறி அகலப்படுத்தி, கிராக் ஃபில்லர் வைத்து அடையுங்கள். தண்ணீர் தேங்குகிற பள்ளம் இருந்தால் சிமெண்ட் பூசி வாட்டம் எடுத்துவிட்டுத்தான் பெயின்ட். முன்பு சுண்ணாம்பு அடித்த மாடியென்றால் முழுக்கச் சுரண்ட வேண்டும். சுரண்டாவிட்டால் சுண்ணாம்போடு பெயின்ட்டும் பொருக்குப் பொருக்காகக் கிளம்பிவிடும்.

பிறகு பிரைமர், வாளியில் சொன்ன அளவு தண்ணீர் கலந்து. முதல் கோட்டைக் காலை ஒன்பது மணிக்குள்ளோ மாலை ஐந்துக்கு மேலோ அடியுங்கள். சுடுகிற தளத்தில் அடித்தால் மேல்தோல் சட்டென்று காய்ந்து உள்ளே கொப்பளம் கட்டும். இரண்டாவது கோட்டை முதல் கோட்டுக்குக் குறுக்கே இழுக்கணும். பெயின்டர் ஒரே திசையில் இரண்டு தடவை இழுத்துவிட்டுப் போகப் பார்ப்பார், பக்கத்தில் நில்லுங்கள். பங்குனிக்குள் முடித்தால் நல்லது. மழை குறுக்கே வராது, அக்னி நட்சத்திரத்துக்கும் தயார். தூசி படிந்தால் வெள்ளைக்கு வேலையில்லை, வருஷா வருஷம் மாசியில் ஒருமுறை கழுவிவிடுங்கள்.

வாடகை வீட்டுக்காரர்களுக்கு இவ்வளவு செலவு வேண்டாம். சுண்ணாம்பு அடித்தால் ஒரு கோடைக்குத் தாங்கும், ஐப்பசி மழையில் கரையும். செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டுத் தட்டோடு பதிப்பது நல்ல வேலைதான். ஆனால் பழைய தளம் அந்தப் பாரத்தைத் தாங்குமா என்று இன்ஜினியரைக் கேட்காமல் தொடாதீர்கள்.

இதெல்லாம் செய்த பிறகு 120 சதுர அடிக்கு 1 டன் போதும். மாடியை அப்படியே விட்டால் 1.5 டன்னும் திணறும்.

கேள்வி: 3 ஸ்டார் ஏசிக்கும் 5 ஸ்டார் ஏசிக்கும் விலையில் பல ஆயிரம் வித்தியாசம். கொடுப்பது தகுமா? (ஊமச்சிகுளம்)

பதில்: ஏசியில் ஒட்டியிருக்கும் ஸ்டார் சீட்டில் வருஷத்துக்கு இத்தனை யூனிட் என்று இருப்பது 1,600 மணி நேர ஓட்டத்துக்கான கணக்கு. 1.5 டன்னில் 5 ஸ்டார் 800, 3 ஸ்டார் 1,040 என்று போட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். மணிக்கு 0.5, 0.65 யூனிட் ஆகிறது. தினம் 8 மணி நேரம் வீதம் 60 நாளுக்கு 240 யூனிட், 312 யூனிட்.

மற்ற செலவு 230 யூனிட் என்றால் மொத்தம் 470 அல்லது 542. இங்கேதான் சிக்கல். நம்மூர் இரண்டு மாத பில்லில் 500 யூனிட்டைத் தாண்டினால், 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்குக் கிடைத்த பாதி ரேட் போய்விடும். 500-க்கு மேல் போகிற யூனிட்டுக்கெல்லாம் கூடுதல் ரேட். 2022 செப்டம்பர் கட்டணப்படி 470 யூனிட்டுக்கு 1,545 ரூபாய், 542 யூனிட்டுக்கு 2,286 ரூபாய். 72 யூனிட்டுக்கு 741 ரூபாய்! பிறகு ரேட் மாறியிருக்கிறது, உங்கள் கடைசி பில்லில் உள்ள ரேட்டைப் போட்டுப் பாருங்கள். 500-ஐ ஒட்டி நிற்கிற வீட்டுக்கு 5 ஸ்டார் கட்டாயம் தகும். ஏசி வைத்தும் 350 யூனிட்டில் நிற்கிற வீடென்றால் 3 ஸ்டாரே போதும்.

24 டிகிரியில் வைத்து மெதுவாக ஃபேனையும் ஓட விடுங்கள். 18-ல் வைத்தால் சீக்கிரம் குளிரும் என்பது வெறும் நம்பிக்கை.

கேள்வி: ஏர் கூலர் போதாதா? (திருமங்கலம்)

பதில்: சித்திரை, வைகாசிப் பகலுக்குப் போதும். காற்று காய்ந்திருந்தால்தான் கூலர் குளிர்விக்கும். கடலோர ஊர்களைவிட நம் பக்கம் அதற்குத் தோது. 150 முதல் 200 வாட்தான் இழுக்கும். எதிர் ஜன்னல் திறந்திருக்கணும். மூடிய அறையில் வைத்தால் அரை மணியில் புழுங்கும். உப்புத் தண்ணீர் ஊற்றினால் பேடில் வெள்ளையாகப் படிந்து அடைத்துக்கொள்ளும், வாரம் ஒருமுறை தொட்டியை வடித்துவிடுங்கள்.

கேள்வி: பி.எல்.டி.சி. ஃபேன் மாற்றினால் மிச்சமாகுமா? (உசிலம்பட்டி)

பதில்: ஆகும். சாதா ஃபேன் 70, 75 வாட். பி.எல்.டி.சி. என்பது கரண்ட் குறைவாக இழுக்கிற மோட்டார் வகை, 30 வாட் சுமாருக்கு. தினம் 15 மணி நேரம் ஓடினால் ஒரு ஃபேனுக்கு இரண்டு மாதத்தில் 36 யூனிட் குறையும். ரிமோட் உள்ள ஃபேனென்றால் சுவரில் உள்ள பழைய ரெகுலேட்டரை எடுத்துவிட்டு நேராகக் கொடுக்கச் சொல்லுங்கள். அது நடுவே இருந்தால் ஃபேனின் சர்க்யூட் போர்டு போய்விடும்.

கேள்வி: கொடைக்கானல் பெருமாள்மலையில் தகர ஷீட் வீடு. மார்கழி, தையில் 2,000 வாட் ஹீட்டரை ராத்திரி ஆறு மணி நேரம் போடுகிறோம். பில் தாங்கவில்லை. ஆயில் ஹீட்டர் வாங்கினால் குறையுமா?

பதில்: குறையாது. கம்பி, ஃபேன், ஆயில் எதுவானாலும் ஒரு யூனிட்டுக்குக் கிடைக்கும் சூடு ஒன்றுதான். உங்கள் கணக்கு ராத்திரிக்கு 12 யூனிட், 60 நாளுக்கு 720. அதில் பெரும்பகுதி ஷீட் வழியாக வெளியே போகிறது.

ஷீட்டுக்குக் கீழே சீலிங் அடித்து, அதன் மேல் இரண்டு அங்குலம் கண்ணாடிக் கம்பளி (கிளாஸ் வுல்) விரியுங்கள். அறைப் பக்கம், அதாவது கம்பளிக்குக் கீழே, பாலித்தீன் ஷீட் வரணும். அது இல்லாவிட்டால் அறையின் ஈரம் மேலேறி, குளிர்ந்த தகரத்தில் பட்டுச் சொட்டும். கம்பளி நனைந்து பயனற்றுப் போகும். சுவர் முடிந்து ஷீட் தொடங்கும் இடத்து இடைவெளியை அடைத்துவிடுங்கள். ஜன்னல் சட்டத்துக்கு ஃபோம் டேப், கதவுக்கு அடியில் ரப்பர் பட்டை. சின்னச் செலவுதான், இதிலிருந்தே தொடங்கலாம்.

படுக்கையைச் சூடாக்கினால் அறையைச் சூடாக்கத் தேவையில்லை. 100 வாட் மின்போர்வையைப் படுக்கும் முன் ஒரு மணி நேரம் போட்டாலே போதும். வருஷத்தில் பல மாதம் ஹீட்டர் போடுகிறவர்கள் ஹாட் அண்ட் கோல்டு இன்வெர்ட்டர் ஏசி விசாரிக்கலாம். ஒரு யூனிட்டுக்கு ஹீட்டரைப்போல மூன்று மடங்கு வரை சூடு தரும்.

2,000 வாட் ஹீட்டர் 9 ஆம்பியர் இழுக்கும். 16 ஆம்பியர் பிளக்கில்தான் சொருகணும், எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் கூடாது. கரியடுப்பை எக்காரணம் கொண்டும் மூடிய அறைக்குள் வைக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாடையில்லை. கரி புகையாமல் கனிந்து கிடக்கும்போதும் அது வந்துகொண்டிருக்கும், தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும்.