ஆள் இல்லாமலே எரியும் விளக்கு

கேள்வி: வராந்தாவில் ஆள் வந்தால் விளக்கு தானாக எரிவதற்காக எச்.சி.-எஸ்.ஆர்.501 என்ற பி.ஐ.ஆர். (உடலின் வெப்பக் கதிரைக் கொண்டு நடமாட்டத்தை அறியும் உணரி) மாட்யூலை வாங்கி, எல்.இ.டி. இணைத்துச் சோதித்தேன். மின்சாரம் கொடுத்தவுடன், யாரும் இல்லாதபோதே எல்.இ.டி. எரிந்து அணைகிறது. ஜன்னல் கண்ணாடிக்கு உட்புறம் வைத்தால் வெளியே நடப்பவரைக் கண்டுகொள்வதே இல்லை. உணரி பழுதா? விளக்கை இயக்கும் ரிலேயை (சிறு மின்னோட்டத்தால் இயங்கும் மின்காந்த சுவிட்ச்) எப்படி இணைப்பது?
- பாலிடெக்னிக் மாணவர், கரூர்

பதில்: பழுதாகத் தெரியவில்லை; நீங்கள் குறிப்பிட்ட இரண்டும் அந்த உணரியின் இயல்புகளே. பி.ஐ.ஆர். உணரி தானாக எந்தக் கதிரையும் வெளியிடுவதில்லை. நம் உடலிலிருந்து வெளிப்படும், ஏறத்தாழ 10 மைக்ரோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்புக் கதிரை வாங்கிக்கொள்வதே அதன் வேலை. அதனுள் அருகருகே உள்ள இரண்டு உணர்பகுதிகள் எதிரெதிராக இணைக்கப்பட்டிருப்பதால், இரண்டின் மீதும் ஒரே அளவு வெப்பம் படும்போது விளைவு ஈடாகிவிடும். ஒருவர் குறுக்கே நடக்கும்போது ஒன்றில் முதலிலும் மற்றதில் அடுத்தும் கதிர் படுவதால் எழும் வேறுபாட்டையே மின்சுற்று நடமாட்டமாக எடுத்துக்கொள்கிறது. சாதாரண ஜன்னல் கண்ணாடி இந்த அலைநீளத்தை உள்ளே விடாது. மாட்யூலின் மேலுள்ள வெள்ளைக் குமிழ் பாலிஎத்திலீனால் ஆன ஃபிரெனல் லென்ஸ் (கதிரைக் குவிக்கும் மெல்லிய வரிப்பள்ள லென்ஸ்) என்பதால் அது மட்டும் கதிரை விடுகிறது; அதைக் கழற்றிவிடாதீர்கள். மின்சாரம் கொடுத்த முதல் ஒரு நிமிடம் உணரி நிலைப்படுவதற்கான காலம். அதற்குள் ஓரிரு முறை வெளியீடு வந்து போகும்.

ரிலேக்கு வருவோம். மாட்யூலின் வெளியீடு 3.3 வோல்ட் மட்டுமே. சாதாரண 5 வோல்ட் ரிலேயின் காயிலுக்கு (கம்பிச்சுருளுக்கு) ஏறத்தாழ 70 மில்லிஆம்பியர் தேவைப்படுவதால் நேரடியாக இணைக்கவே கூடாது. வெளியீட்டை 1 கிலோஓம் ரெசிஸ்டர் வழியாக பி.சி.547 டிரான்சிஸ்டரின் (சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தை இயக்கும் மூன்று கால் உதிரி) பேஸ் காலுக்குக் கொடுத்து, எமிட்டரைத் தரையோடும் (மின்வழங்கலின் எதிர்முனை), கலெக்டரை ரிலே காயிலின் ஒரு முனையோடும், காயிலின் மறுமுனையை 5 வோல்ட்டோடும் இணையுங்கள். காயிலுக்குக் குறுக்கே 1என்4007 டையோடு (மின்னோட்டத்தை ஒரே திசையில் விடும் உதிரி) கட்டாயம் வேண்டும். வெள்ளிக் கோடு உள்ள முனை 5 வோல்ட் பக்கம் இருக்கட்டும். டையோடு இல்லையென்றால், ரிலே விடுபடும் கணத்தில் காயிலில் எழும் உயர் மின்னழுத்தம் டிரான்சிஸ்டரைக் கெடுத்துவிடும். முதலில் 12 வோல்ட் எல்.இ.டி. பட்டையை வைத்தே சோதியுங்கள். 230 வோல்ட் இணைப்பைத் தேர்ந்த எலக்ட்ரீஷியன் செய்வதே முறை.

சுற்றைவிட, அதைப் பொருத்தும் இடத்தில்தான் பலரும் தவறுகிறார்கள். உணரியை நோக்கி நேராக வருபவரைவிடக் குறுக்கே கடப்பவரை அது எளிதில் கண்டறியும் என்பதால், நடைபாதைக்குப் பக்கவாட்டில் பொருத்துங்கள். 7 மீட்டர் வரை எட்டும் என்று சொல்லப்பட்டாலும், கோடைப் பகலில் சுவரின் வெப்பம் உடல் வெப்பத்தை நெருங்கும்போது அந்தத் தூரம் குறைந்துவிடும். இது உங்கள் ஊருக்கு மிகவும் பொருந்தும்.

கேள்வி: இதே மாட்யூலை மாடிப்படியில் பொருத்தியிருக்கிறேன். விளக்கு அணைந்த சில நொடிகளில், யாரும் வராமலே மீண்டும் எரிகிறது. ஏன்?
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: விளக்கு உணரியின் பார்வைக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். அணைந்த விளக்கு ஆறும்போது ஏற்படும் வெப்ப மாற்றத்தையும் உணரி நடமாட்டமாகக் கொள்ளும். விளக்கை உணரிக்குப் பின்புறம் மாற்றுங்கள். அப்போதும் தொடர்ந்தால், ரிலே இயங்கும்போது மின்வழங்கலில் ஏற்படும் மின்னழுத்த ஏற்ற இறக்கம் காரணமாக இருக்கலாம். மாட்யூலின் மின்முனைகளுக்குக் குறுக்கே 100 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்றை, துருவம் மாறாமல் இணைத்துப் பாருங்கள்.