பெரிய பிள்ளைகளுக்குப் பச்சை வாந்தி வந்தால்: கேள்வி பதில்

குழந்தைகள் அறுவை சிகிச்சை மருத்துவர் நான். பிறவியிலேயே குடல் சரியாகச் சுழலாமல் போவது பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி: டாக்டர், மகளுக்கு 9 வயது. மாதம் ஒருமுறை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிடுகிறாள், வாந்தி வேறு. மறுநாள் ஓடியாடுகிறாள். பள்ளிக்கு மட்டம் போட நடிக்கிறாள் என்கிறார் அவள் அப்பா.

பதில்: நடிப்பு என்று முடிவு கட்டாதீர்கள். வாந்தி என்ன நிறம்? நான் முதலில் கேட்பது அதைத்தான். ஒரு அம்மா பதிலே சொல்லாமல், மகனுக்கு வாய் துடைத்த துண்டைக் கட்டைப்பையிலிருந்து எடுத்து விரித்தார், வேப்பிலையை அரைத்துத் தடவியது போல இருந்தது. அதுவரை அல்சர், பூச்சி, பித்தம் என்று விதவிதமாக மருந்து கொடுத்திருந்தார்கள். பச்சை என்றால் பித்தநீர், இரைப்பைக்குக் கீழே எங்கோ அடைப்பு இருக்கலாம். கருவில் குடல் 270 பாகை சுழன்று தன் இடத்தில் ஒட்டிக்கொள்ள வேண்டும். அது பாதியில் நின்றுவிட்டால் சிறுகுடல் மொத்தமும், ரத்தக்குழாய்கள் ஓடும் ஒரு குறுகிய காம்பில் தொங்கும், காம்பு முறுக்கினால் வலி, தானாகப் பிரிந்தால் பிள்ளை விளையாடப் போய்விடும். உங்கள் மகளுக்கும் இதுதான் என்று நான் சொல்லவில்லை, ஆனால் பார்க்காமல் விடக்கூடாது.

கேள்வி: பிறவிக் குறை என்றால் 12 வயதில் எப்படித் தெரியவரும்?

பதில்: பெரும்பாலும் பிறந்த முதல் மாதத்திலேயே தெரிந்துவிடும். அதனாலேயே பெரிய பிள்ளைகளிடம் யாருக்கும் இது நினைவுக்கு வருவதில்லை. சாப்பிட்டதும் வலி, எடை ஏறாமை, விட்டுவிட்டு வாந்தி, இவ்வளவுதான் இருக்கும்.

கேள்வி: ஸ்கேன் நார்மல் என்றார்களே?

பதில்: வலி இல்லாத நாளில் எடுத்த எக்ஸ்ரேயும் ஸ்கேனும் நார்மலாக வரலாம். கான்ட்ராஸ்ட் மருந்தைக் குடிக்க வைத்து, அது இறங்கும் வழியை எக்ஸ்ரேயில் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். முன்சிறுகுடல், அதாவது இரைப்பையை அடுத்து வரும் சிறுகுடலின் முதல் பகுதி, முதுகெலும்பைக் கடந்து இடப்பக்கம் ஏற வேண்டும், வலப்பக்கமே இறங்கிவிட்டால் சந்தேகம் வலுக்கும்.

கேள்வி: மாமியார் குடல் ஏற்றம் என்கிறார். தட்டி எடுக்கலாமா?

பதில்: வேண்டாம் அம்மா, தயவுசெய்து வேண்டாம். தட்டினால் முறுக்கு பிரியாது, ரத்த ஓட்டம் நின்றால் சில மணி நேரத்தில் குடல் கருத்துவிடும். பச்சை வாந்தியோடு வயிறு உப்பினாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ, பிள்ளை துவண்டாலோ, வாய்வழியாக எதுவும் கொடுக்காமல் குழந்தைகள் அறுவை சிகிச்சை உள்ள மருத்துவமனைக்கு உடனே கிளம்புங்கள், விடியட்டும் என்று இருக்காதீர்கள்.

கேள்வி: ஆபரேஷனில் குடலைச் சரியான இடத்தில் வைத்துவிடுவீர்களா?

பதில்: இல்லை, பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். பாஸ்டன் மருத்துவர் வில்லியம் லாட் 1936-ல் எழுதிய முறைதான் இன்றும் அடிப்படை. முறுக்கு பெரும்பாலும் கடிகார திசையில் இருக்கும், எதிர்த்திசையில் பிரிப்போம். முன்சிறுகுடலை அழுத்தும் பட்டைகளை வெட்டி, காம்பை அகலமாக்கி, சிறுகுடலை வலப்பக்கமும் பெருங்குடலை இடப்பக்கமும் வைப்போம். குடல்வாலை வழக்கமாக எடுத்துவிடுவோம், இடப்பக்கம் போய்விட்ட அது பின்னாளில் வீங்கினால் அப்பெண்டிக்ஸ் என்று யாருக்கும் சட்டென்று தோன்றாது. அப்புறம், ஆபரேஷனுக்குப் பிறகும் குடல் ஒட்டி அடைப்பு வரலாம், அரிதாக மறுபடி முறுக்கவும் செய்யலாம். டிஸ்சார்ஜ் சம்மரியைப் பத்திரமாக வையுங்கள், மறுபடி பச்சை வாந்தி வந்தால் அதையும் எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.