80 வீதம் வரை வேகமாக ஏறும் போன் சார்ஜ் அதற்குப் பிறகு ஏன் இழுபடுகிறது?

சார்ஜ் ஏறுவது என்றால் பற்றரிக்குள் இருக்கும் லித்தியம் அயனிகள் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் போய் இடம்பிடிப்பது, அவ்வளவுதான். திருகோணமலை பஸ் நிலையத்தில் கொழும்பு பஸ் நிரம்புவதைப் பார்த்திருப்பீர்கள்: முதலில் ஏறுகிறவர்கள் சட்டென்று உட்கார்ந்துவிடுவார்கள், கடைசியில் வருகிறவர் பைகளைத் தாண்டி இடம் தேடித் தேடித்தான் போகவேண்டும். அந்த நேரத்தில் அயனிகளை அவசரமாகத் தள்ளினால் அவை உள்ளே போகாமல் மேற்பரப்பிலேயே உலோகமாகப் படிந்து பற்றரியைக் கெடுக்கும், அதனால் பற்றரியின் மின்னழுத்தம் சுமார் 4.2 வோல்ட்டை நெருங்கியதும் (சில புதிய போன்களில் இது கொஞ்சம் கூடுதல்) போனே மின்னோட்டத்தைக் குறைத்துவிடும். அப்புறம் சூடு. நம்மூர் மே மாத வெயிலில் தடித்த கவரோடு யன்னலோரம் வைத்தால் 50 வீதத்திலேயே மெதுவாகலாம். முதலில் கவரைக் கழற்றுங்கள்.

பெரிய வாட் சார்ஜர் வாங்கினால் கடைசி 20 வீதமும் பறக்கும் என்று பலர் நினைக்கிறார்கள், ஆனால் எவ்வளவு எடுப்பது என்று தீர்மானிப்பது போன், சார்ஜர் இல்லை.