எந்த டீம், எந்த வருஷம்?

கேள்வி: என் மகளுக்கு ஐதராபாத்தில் அமேசானில் வேலை கிடைத்திருக்கிறது. அங்கே வேலை பார்த்தவர்கள் எழுதியதைத் தேடிப் படித்தேன். ஒருவர் சொர்க்கம் என்கிறார், அடுத்தவர் ஓடிவிடு என்கிறார். யாரை நம்புவது? – ஒரு தகப்பன், கோத்தகிரி.

பதில்: இரண்டு பேரும் உண்மையே சொல்லியிருக்கலாம். எந்த டீம், எந்த வருஷம் சேர்ந்தார், எப்படி வெளியே வந்தார் என்பதைத்தான் இருவரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அது தெரியாமல் படிப்பது வீண்.

உங்கள் மாவட்டத்திலேயே பாருங்களேன். உதகை இந்து நகரில் இருந்த எச்.பி.எஃப். ஃபிலிம் தொழிற்சாலையில், 1967-ல் உற்பத்தி தொடங்கிய காலத்தில் சேர்ந்தவரை விசாரித்தால் ஒரு கதை சொல்வார். ஃபிலிம் விற்காமல் போன பிறகு விருப்ப ஓய்வுப் பணத்துக்குக் காத்திருந்தவரைக் கேட்டால் வேறு கதை. கேட் ஒன்றுதான்.

மைக்ரோசாஃப்டில் 2013 வரை ஊழியர்களை வரிசைப்படுத்தித் தரம் பிரிக்கும் முறை இருந்தது. டீமில் பத்துப் பேரும் நன்றாக உழைத்தாலும் யாராவது ஒருவர் கடைசி இடத்துக்குப் போயாக வேண்டும். பக்கத்து சீட்காரருக்கு உதவினால் நம் இடம் இறங்குமோ என்று பயம் வராதா? அந்த வருஷ நவம்பரில் அதைக் கைவிட்டார்கள். 2010-ல் ஒருவர் கொதித்து எழுதியதை வைத்து இன்றைய ஆபீஸை எடைபோட முடியாது.

அடுத்தது பணம். அமேசானில் சேரும்போது தரும் ஷேர் நான்கு வருஷத்துக்குச் சமமாகப் பிரிந்து வருவதில்லை. பல காலமாக இருந்த கணக்கு 5, 15, 40, 40 சதவீதம். முதல் இரண்டு வருஷக் குறையை ஈடுகட்ட ரொக்க போனஸ் உண்டு. ஆனால் ஒன்றரை வருஷத்தில் கிளம்பியவர் ஷேரில் பெரும்பகுதியை விட்டுவிட்டுத்தான் வந்திருப்பார். அவர் கசப்பில் அதுவும் கொஞ்சம் இருக்கும். மகளின் ஆஃபர் லெட்டரில் மொத்தத் தொகையை மட்டும் பார்த்துச் சந்தோஷப்படாதீர்கள்.

வீட்டிலிருந்தே வேலை பார்ப்பாள் என்று நினைத்திருந்தால் அதை மறந்துவிடுங்கள். 2025 ஜனவரியிலிருந்து வாரத்தில் ஐந்து நாளும் ஆபீஸ் என்று அறிவித்துவிட்டார்கள். பெரிய கம்பெனி, வேலை நிரந்தரம் என்ற எண்ணமும் வேண்டாம். 2023 ஜனவரியில் கூகுள் 12,000 பேரைக் குறைப்பதாக அறிவித்தபோது, பலருக்கு விஷயம் தெரிந்ததே ஈமெயிலில்தான். நல்ல ரேட்டிங் வாங்கியவர்களும் அதில் இருந்தார்கள்.

சேருமுன் மகள் மேனேஜரிடம் நேராகவே கேட்கட்டும். ஆன்-கால் வாரத்தில், அதாவது எந்நேரம் கோளாறு வந்தாலும் எடுத்துப் பார்க்க வேண்டிய முறை வரும் வாரத்தில், ராத்திரி எத்தனை தடவை போன் அடிக்கும்? போன வருஷம் டீமை விட்டு எத்தனை பேர் போனார்கள், எங்கே போனார்கள்? மழுப்பினால் அதுவும் ஒரு பதில்தான். முகம் தெரியாத நூறு பேர் எழுதியதைவிட அந்த அரைமணிப் பேச்சு உபயோகப்படும்.

சரி, ஊரார் எழுதியதையெல்லாம் படித்தீர்கள், எனக்கும் எழுதிவிட்டீர்கள். மகள் என்ன சொல்கிறாள் என்று கடிதத்தில் ஒரு வரிகூட இல்லையே, அவளைக் கேட்டீர்களா?